டேப்லெட் காட்டும் வானமும் முற்றத்து வானமும் ஒத்துப்போகவில்லை: பிழை எங்கே?

தரம் எட்டில் படிக்கும் மகனுக்கு ரொறன்ரோவில் இருக்கும் மாமா தன்னுடைய பழைய டேப்லெட்டை அனுப்பியிருக்கிறார். அதில் வானம் பார்க்கும் செயலி ஒன்றைப் போட்டு, இரவு எட்டு மணி போல இரண்டு பேரும் முற்றத்தில் நின்று பார்த்தால், வியாழன் என்று செயலி காட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை. நல்ல ஒளியோடு தெரிவது வேறு பக்கத்தில். செயலி பிழையா, காசு கட்டி எடுக்கும் பதிப்பு சரியாகக் காட்டுமா, இல்லாவிட்டால் தொலைநோக்கி வாங்கினால்தான் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சனி எந்த ராசியில் நிற்கிறது என்பதில் செயலி ஒன்றும் வீட்டுப் பஞ்சாங்கம் இன்னொன்றும் சொல்வதையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். பார்வைக்கு நான்கு கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது, இந்தத் திரை சொல்வதில் எதை நம்பலாம், எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் பௌதிகவியல் படிப்பித்தவன். பாடசாலைப் பிள்ளைகளை இரவில் வெளியே கூட்டிக்கொண்டு போய் வானம் காட்டுவதைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: செயலிக்கு வானம் மிக நன்றாகத் தெரியும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், மணி என்ன, டேப்லெட்டை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறீர்கள் என்பவைதான் அதற்குப் பல நேரம் சரியாகத் தெரிவதில்லை. ஆகவே கணக்கை நம்புங்கள், காட்டும் திசையைச் சோதித்துப் பாருங்கள்.

கணக்கை நம்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1989 இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய ஹிப்பார்கோஸ் செய்மதி 118,000க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தை மிக நுணுக்கமாக அளந்து கொடுத்தது. அதற்குப் பின் வந்த கையா செய்மதியின் 2022 ஆம் ஆண்டுத் தொகுப்பில் 180 கோடி அளவில் இருக்கின்றன. நல்ல செயலிகள் இப்படியான பட்டியல்களை வைத்துத்தான் வானத்தை வரைகின்றன. கிரகங்களின் இடத்தையும் நூறு வருடம் முன்னும் பின்னும் கண்ணால் பிழை பிடிக்க முடியாத அளவுக்குக் கணிக்கலாம். இலவசச் செயலியானாலும் சரி, காசுச் செயலியானாலும் சரி, வியாழனைத் தவறான நட்சத்திரக் கூட்டத்தில் வைக்காது. உங்கள் சிக்கல் அங்கே இல்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். உங்கள் டேப்லெட் ரொறன்ரோவில் இருந்து வந்தது என்பதால் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். பல டேப்லெட்டுகளில், குறிப்பாக வைஃபை மட்டும் உள்ளவற்றில், ஜிபிஎஸ் இருப்பதில்லை. செயலி இடத்தை அறிய அனுமதி கேட்டபோது யாராவது வேண்டாம் என்று அழுத்தியிருந்தால், அது பழைய இடத்தையோ தனக்குப் பிடித்த ஏதோ ஒரு நகரத்தையோ வைத்துக்கொண்டு வானத்தை வரையும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. செயலியின் தேடும் இடத்தில் துருவ நட்சத்திரம் என்று, அல்லது ஆங்கிலப் பெயரான போலாரிஸ் என்று தேடி, அது அடிவானத்தில் இருந்து எவ்வளவு உயரத்தில் காட்டப்படுகிறது என்று பாருங்கள். துருவ நட்சத்திரத்தின் உயரம் நீங்கள் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டுக்கு ஏறத்தாழச் சமம். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகை அளவில் இருப்பதால் இங்கே அது பத்துப் பாகைக்குக் கிட்டத்தான் நிற்க வேண்டும். கையை முழுக்க நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் பத்துப் பாகை அளவு. ஆக, அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டி. செயலி அதை 44 பாகை உயரத்தில் காட்டினால் அது இன்னும் ரொறன்ரோவில்தான் நிற்கிறது. அப்படியானால் அமைப்புக்குள் போய் யாழ்ப்பாணத்தைக் கையால் தெரிவு செய்யுங்கள். ஊர்ப் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் 9.67 வடக்கு, 80.02 கிழக்கு என்று இலக்கத்தைப் போட்டால் போதும். நல்லூரா, கோண்டாவிலா, சாவகச்சேரியா என்ற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது நேரம். நான் அடிக்கடி காணும் கோளாறு இது, பார்த்ததும் பிடிபடாது. வெளிநாட்டில் இருந்து வந்த சிம் இல்லாத டேப்லெட்டில் மணி பிழையாக இருக்கும். வீட்டில் ஒருவர் அதைக் கையால் யாழ்ப்பாண நேரத்துக்கு மாற்றிவிடுவார். மணிக்கூடு சரியாகத் தெரியும், ஆனால் நேர வலயம் ரொறன்ரோவிலேயே இருக்கும். செயலி மணிக்கூட்டின் முள்ளை மட்டும் பார்ப்பதில்லை, வலயத்தையும் சேர்த்து உலகப் பொது நேரத்தைக் கணித்துத்தான் வானத்தை வரையும். இலங்கை நேரம் பொது நேரத்தை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ரொறன்ரோ கோடையில் நான்கு, குளிர்காலத்தில் ஐந்து மணித்தியாலம் பின்னால். ஆக ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியால வித்தியாசம் வந்துவிடும். வானம் மணிக்குப் பதினைந்து பாகை சுழல்வதால், கிழக்கில் இருக்க வேண்டியது மேற்கிலோ நிலத்துக்குக் கீழேயோ போய்விடும். இதற்கு ஒரு அடையாளம் உண்டு. இடம் யாழ்ப்பாணம் என்றும் வலயம் ரொறன்ரோ என்றும் இருந்தால், இரவு எட்டு மணிக்குச் செயலி காட்டுவது மறுநாள் விடிகாலை வானம். கிழக்கு அடிவானத்தில் சூரியன் எழும்பிக்கொண்டு நிற்பதைத் திரையில் காண்பீர்கள். டேப்லெட் அமைப்பில் நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றினால் சரி.

இடமும் நேரமும் இரண்டும் சரியா என்று ஒரே தடவையில் பார்க்க எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. செயலியில் திகதியை 2019 டிசம்பர் 26க்குக் கொண்டுபோய், நேரத்தைக் காலை ஒன்பதரைக்கு வைத்து, சூரியனைத் தேடிப் பெருப்பித்துப் பாருங்கள். அன்று கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்துக்கு மேலாகப் போனது. ஐந்து பத்து நிமிடம் முன்னும் பின்னும் நகர்த்தினால், சந்திரன் சூரியனின் நடுவில் உட்கார்ந்து சுற்றிவர ஒளி வளையம் தெரிய வேண்டும். வலயம் பிழை என்றால் சந்திரன் சூரியனில் இருந்து பல பாகை விலகி நிற்கும். இடம் ரொறன்ரோ என்றால் அங்கே அப்போது இரவு பதினொரு மணி, சூரியன் அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். 2010 ஜனவரி 15 அன்றும் இப்படி ஒரு கங்கண கிரகணம் நமக்கு மேலாகப் போனது. பத்து வருடத்துக்குள் ஒரே ஊருக்கு இரண்டு கங்கணம் கிடைப்பது அபூர்வம். மகனுக்கு அதையும் காட்டுங்கள், அந்த நேரம் அவர் பிறந்திருக்க மாட்டார்.

மூன்றாவது திசை. டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்க வானத்தைச் செயலி காட்டுகிறதே, அதற்குள் மூன்று உணரிகள் வேலை செய்கின்றன. எவ்வளவு சரித்துப் பிடித்திருக்கிறீர்கள் என்பதை முடுக்கமானி சொல்லும், அது பெரும்பாலும் சரியாக இருக்கும். திருப்பும்போது படம் வழுவழுவென்று நகர்வதற்குச் சுழல்மானி உதவுகிறது. வடக்கு எது என்று சொல்வது காந்தமானி, அதாவது உள்ளே இருக்கும் திசைகாட்டி. மூன்றிலும் நம்ப முடியாதது இதுதான். விலை குறைந்த டேப்லெட் சிலவற்றில் காந்தமானியே இருக்காது. இருந்தாலும், மூடினால் திரை அணையும் உறைகளில் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பார்கள், அதுவே திசையைக் குழப்பப் போதும். இரும்புக் கேற்றுக்குப் பக்கத்திலும், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்திலும், கம்பி கட்டிய கொங்கிரீற் மாடியிலும் நின்று பார்த்தால் இருபது முப்பது பாகை விலகுவது சாதாரணம். முழுநிலாவின் அகலம் அரைப் பாகைதான் என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய விலகல் என்பது விளங்கும். காந்த வடக்கும் உண்மை வடக்கும் வேறு என்று மகன் படித்திருப்பார். யாழ்ப்பாணத்தில் அந்த வித்தியாசம் இரண்டு பாகை அளவுதான், உங்கள் சிக்கலுக்கு அது காரணமாக இருக்காது.

ஆகவே உறையைக் கழற்றுங்கள். கேற்றையும் வாகனத்தையும் விட்டு முற்றத்தின் நடுவுக்கு வாருங்கள். டேப்லெட்டைக் காற்றில் எட்டுப் போடுவது போல நாலைந்து தரம் சுழற்றுங்கள், காந்தமானி அதை வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பிறகு கூகுள் மாப்பில் உங்கள் ஒழுங்கை எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து, அதன் வழியே டேப்லெட்டை நீட்டி, செயலி அதே திசையைச் சொல்கிறதா என்று ஒப்பிடுங்கள். உங்கள் டேப்லெட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இந்த மூன்றில் எது கோளாறு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், ஒளியுள்ள பொருள் அடியோடு வேறு பக்கத்தில் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், திசைகாட்டியை விட நேர வலயத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் கூட.

இதெல்லாம் சரிவந்த பிறகும் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, தூக்கிப் பிடித்துப் பார்க்கும் முறையை நிறுத்திவிட்டு, டேப்லெட்டைக் கையால் நகர்த்தும் வரைபடமாகப் பாவிக்கச் சொல்லித்தான். பெரும்பாலான செயலிகளில் திசைகாட்டிப் படம் உள்ள ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைத்தால் விரலால் வானத்தை இழுக்கலாம். பெப்ரவரி முற்பகுதியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கைப் பார்த்து நில்லுங்கள். கிட்டத்தட்டத் தலைக்கு மேலே வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும், ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டி அது. அதற்கு ஒரு பக்கத்தில் செம்மஞ்சளாக நிற்பது திருவாதிரை. பட்டியின் மூன்று நட்சத்திரத்தையும் கோடு போட்டுத் தெற்குப் பக்கமாக நீட்டினால் சிரியஸ் வரும், இரவு வானத்தின் மிக ஒளியுள்ள நட்சத்திரம். இந்தளவும் கண்ணாலேயே. இப்போது திரையை இழுத்து சிரியஸை நடுவில் கொண்டுவந்து, திரையில் தெரியும் வடிவமும் வானத்து வடிவமும் ஒன்றாகும் வரை டேப்லெட்டைத் திருப்புங்கள். பிறகு சிரியஸில் இருந்து நேரே கீழே, தெற்கு அடிவானத்தை நோக்கி மூன்றரை முட்டி இறங்குங்கள். அங்கே தனியாக, வெள்ளையாக ஒன்று நிற்கும். அகத்தியர் என்று நம்மவர்கள் சொல்லும் கனோப்பஸ் அது, ஒளியில் இரண்டாவது. அடிவானத்துக்கு மேல் 27 பாகை அளவு உயரத்தில் நிற்பதால் வேலிப் பனைகளுக்கு மேலாகவே தெரியும். ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்கு அது ஒருநாளும் உதிக்காது. இதை மகன் தொலைபேசியில் அவருக்குச் சொல்லட்டும்.

முட்டி அளவைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்களைத் திரை ஏமாற்றுவது அளவில்தான். உள்ளங்கை அகலத் திரையில் ஓரியன் அடங்கிவிடுவதால், வானத்திலும் அப்படிச் சின்னதாக இருக்கும் என்று பிள்ளைகள் தேடுவார்கள். வேட்டைக்காரனின் தோளில் உள்ள திருவாதிரையில் இருந்து காலில் உள்ள ரைகல் வரை 18 பாகைக்கு மேல், இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைவு. தெற்குச் சிலுவை இதற்கு மாறு. படங்களில் பெரிதாகப் போட்டுக் காட்டியதைப் பார்த்துவிட்டு வானம் முழுக்கத் தேடுவார்கள், அது மேலிருந்து கீழ் ஆறு பாகைதான், ஒரு முட்டிக்குள் மறைந்துவிடும்.

திரையின் இன்னொரு தொல்லை, அது காட்டும் நட்சத்திரங்களின் கூட்டம். யாழ் நகரத்துக்குள் வீதி லைற்றுக்கும் கடை லைற்றுக்கும் நடுவில் நின்றால் சில நூறு நட்சத்திரம் தெரிந்தாலே பெரிய விடயம். செயலியோ ஆயிரக்கணக்கில் புள்ளி போட்டு வைத்திருக்கும். பெரும்பாலானவற்றில் மங்கலான நட்சத்திரங்களைக் குறைக்கும் வசதி இருக்கிறது. திரையும் உங்கள் முற்றத்து வானமும் ஒரே மாதிரித் தெரியும் வரை குறையுங்கள். இதை ஒருவரும் செய்வதில்லை, ஆனால் தொடக்கக்காரருக்கு இதைப் போல உதவுவது வேறில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு, முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தாலே பால்வீதி தெரியும். அந்தக் காலத்தின் துன்பங்களோடு சேர்த்து எங்களுக்குக் கிடைத்த ஒன்று அது. இன்றைய பிள்ளைக்கு அந்த வானத்தைக் காட்ட வேண்டுமானால் வல்லை வெளிக்கோ, மணற்காட்டுப் பக்கமோ, காரைநகர்க் கடற்கரைக்கோ போக வேண்டும். நெடுந்தீவு இன்னும் நல்லது, ஆனால் குறிகட்டுவானில் இருந்து படகில் போய் அங்கேயே இரவு தங்க வேண்டும். ஜூலைக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்குப் பால்வீதியின் நடுப்பகுதி தெற்கில் நன்றாக உயர்ந்து நிற்கும். துருவ நட்சத்திரத்தைப் பார்க்க ஆசை என்றால் பருத்தித்துறைக் கடற்கரைக்குப் போங்கள். வடக்கே மரமும் மதிலும் இல்லாமல் கடல் மட்டும் இருப்பதால், ஒரு முட்டி உயரத்தில் நிற்பதையும் காணலாம்.

இருட்டுக்குப் போனால் திரையின் வெளிச்சமே எதிரியாகும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும். வெள்ளைத் திரையை ஒருதரம் பார்த்தால் அது கலைந்து, திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். எல்லா நல்ல செயலியிலும் சிவப்பு நிற இரவு முறை இருக்கிறது, அதைப் போட்டு ஒளிர்வையும் ஆகக் குறைத்துவிடுங்கள். பழைய டேப்லெட்டில் ஒரு குறை என்னவென்றால், எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். சிவப்பு முறையிலும் கறுப்புப் பகுதி சாம்பலாக ஒளி கசியும். ஓலெட் திரையில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. உங்களுடையது எல்சிடி என்றால், பூக்கடையில் பூச்செண்டு சுற்றும் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகத் திரைக்கு மேல் ஒட்டிவிடுங்கள். பார்வைக்கு வடிவில்லை, வேலை செய்யும்.

காசு கட்டும் பதிப்பு இப்போது தேவையில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடிய நட்சத்திரங்கள் முழு வானத்திலும் சேர்த்து ஒன்பதாயிரம் அளவுதான், இலவசப் பதிப்பிலேயே அதைவிடக் கூட இருக்கிறது. காசுக்குக் கிடைப்பது மிக மங்கலான பொருட்களின் பட்டியலும், மோட்டார் வைத்த தொலைநோக்கியைச் செயலியில் இருந்து இயக்கும் வசதியும்தான். ஸ்டெல்லாரியத்தின் இலவசப் பதிப்பு ஒன்று போதும், வீட்டில் கணினி இருந்தால் அதன் கணினிப் பதிப்பு முழுதாகவே இலவசம். டேப்லெட் மிகப் பழையது, செயலி இழுத்து இழுத்து நிற்கிறது என்றால் ஸ்கை மாப் நல்லது. கூகுள் பொறியியலாளர்கள் 2009 இல் வெளியிட்டு, பிறகு எல்லோருக்கும் திறந்துவிட்ட சிறிய செயலி அது. இணையம் இல்லாமலும் ஓடும்.

செயலிகள் சொல்வதில் நான் சந்தேகத்தோடு பார்க்கும் பகுதியும் உண்டு. செய்மதிகளின் பாதை அடிக்கடி மாறும். சர்வதேச விண்வெளி நிலையம் 400 கிலோமீற்றர் அளவு உயரத்தில் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருதரம் பூமியைச் சுற்றுகிறது. அது எப்போது நமக்கு மேலால் போகும் என்பதைக் கணிக்கப் புதிய தரவு வேண்டும். டேப்லெட்டை இரண்டு மூன்று கிழமை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருந்தால் செயலி சொல்லும் நேரம் பிசகிவிடும், ஆகவே அன்று பின்னேரம் வீட்டில் ஒருதரம் புதுப்பித்துக்கொண்டு வெளியே இறங்குங்கள். வால்வெள்ளியின் இடத்தைச் சரியாகச் சொல்லலாம், ஒளியை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2013 இல் ஐசான் வால்வெள்ளியைப் பற்றி உலகமே எதிர்பார்த்திருந்தது, அது நவம்பர் 28 அன்று சூரியனை நெருங்கியபோது சிதைந்துபோனது. எரிகல் மழையில் மணிக்கு நூறு விழும் என்று அறிவித்தல் வந்தால், அது முழு இருட்டில், எரிகற்கள் புறப்படும் புள்ளி நேர் உச்சியில் நிற்கும்போதான கணக்கு. நகரத்து முற்றத்தில் அதில் ஒரு சிறு பங்குதான் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாமல் பிள்ளையை விடிய விடிய இருத்திவைத்தால் அவருக்கு அலுத்துவிடும்.

சரி, பஞ்சாங்கம். இதில் இரண்டு வித்தியாசம் கலந்திருக்கிறது. செயலி சொல்வது ராசியை அல்ல, நட்சத்திரக் கூட்டத்தை. சர்வதேச வானியல் ஒன்றியம் வானத்தை 88 கூட்டங்களாகப் பிரித்து, அவற்றின் எல்லைகள் 1930 இல் வெளியாகின. அவை ஒன்று பெரிது, ஒன்று சின்னது. ராசியோ பன்னிரண்டும் சரிசமமாக முப்பது பாகை. ஆகவே மீன ராசியில் இருக்கும் சனியைச் செயலி கும்பக் கூட்டத்தில் காட்டுவது நடக்கக்கூடியது, இரண்டும் தத்தம் வரையறைப்படி சரி. மற்ற வித்தியாசம் வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையில். சனி மீனத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 இல்தான். செயலியின் கணக்கு திருக்கணிதத்தோடு ஒத்துப்போகும், ஏனென்றால் இரண்டும் இன்றைய அவதானிப்பை அடிப்படையாகக் கொண்டவை. வாக்கியம் பழைய வாய்பாடுகளின் வழியே வருவது. வீட்டிலும் கோயிலிலும் எதைப் பின்பற்றுவது என்பது உங்கள் குடும்ப வழக்கம், அதில் நான் தலையிடவில்லை. வானத்தில் சனி கண்ணுக்குத் தெரியும் இடம் எது என்று மகன் கேட்டால், திருக்கணிதமும் செயலியும் சொல்லும் இடம்.

பஞ்சாங்கத்தை ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், வானம் படிக்க அது நல்ல துணை. 27 நட்சத்திரம் என்பது சந்திரன் போகும் பாதையை 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை) வீதம் பிரித்தது, சந்திரனும் ஒரு நாளில் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான் நகர்கிறது. பஞ்சாங்கத்தில் ரோகிணி என்று போட்டிருக்கும் இரவில் சந்திரனைப் பாருங்கள், பக்கத்தில் செம்மஞ்சளாக அல்டெபரான் நிற்கும். மகம் என்றால் ரெகுலஸ், சித்திரை என்றால் ஸ்பைக்கா, கேட்டை என்றால் அன்ராரெஸ். கார்த்திகை விளக்கீட்டன்று முகில் விலகினால், நிலாவுக்குக் கிட்டக் கார்த்திகைக் கூட்டத்தைக் காணலாம். ஒரு மாதம் மகன் பஞ்சாங்கத்தை ஒரு கையிலும் செயலியை மறு கையிலும் வைத்துச் சந்திரனைத் தொடர்ந்து பார்த்தால், ராசிச் சக்கரத்தின் பாதை முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

தொலைநோக்கிக்கு அவசரப்பட வேண்டாம். மாமா ஏதாவது அனுப்பத்தான் போகிறார் என்றால், 7x50 அல்லது 10x50 பைனோகுலர் அனுப்பச் சொல்லுங்கள். முதல் இலக்கம் எத்தனை மடங்கு பெருப்பிக்கும் என்பது, இரண்டாவது முன் வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். முழங்கை இரண்டையும் மதிலில் ஊன்றி அசையாமல் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் சிறு புள்ளிகளாகத் தெரியும். எது அயோ, எது கனிமீட் என்பதைச் செயலியில் வியாழனைப் பெருப்பித்து ஒப்பிடலாம், மறுநாள் இடம் மாறியிருப்பதையும் காணலாம். சனியின் வளையத்துக்குத் தொலைநோக்கி வேண்டும். வாங்கினால், பெட்டியில் 600 மடங்கு என்று பெரிதாக அச்சிட்டதை வாங்காதீர்கள். முன் வில்லையின் ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு என்பதுதான் நடைமுறை எல்லை, 60 மில்லிமீற்றர்க் கருவிக்கு 120 மடங்குக்கு மேல் வெறும் கலங்கல். செயலியில் பால்வீதியைப் போன்ற வேறொரு விண்மீன் கூட்டத்தைத் தொட்டால் வரும் நிறப்படங்கள் நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தவை, கண்ணுக்கு அவை சாம்பல் மங்கலாகத்தான் தெரியும் என்பதையும் முதலிலேயே சொல்லிவையுங்கள். ஒரு கண்டிப்பு: செயலி காட்டுகிறது என்பதற்காக, பைனோகுலரையோ தொலைநோக்கியையோ சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது. கணப்பொழுதில் பார்வை போய்விடும். பகலில் அவற்றைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வானத்தை மூடிவைக்கும், அந்த மாதங்களில் தெளிந்த இரவு கிடைத்தால் அது கொடுப்பினை. ஜனவரிக் கடைசியில் இருந்து ஏப்ரல் வரை இங்கே மிக நல்ல காலம். மே நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்குச் சிலுவை நேர் தெற்கில் இருபது பாகை உயரத்தில், இரண்டு முட்டி அளவில் நிமிர்ந்து நிற்கும். அதற்கு ஒரு மணித்தியாலம் கழித்து, சிலுவையை விட உயரத்தில் ஒமேகா செந்தோரி என்ற கூட்டத்தைச் செயலியில் தேடி, பைனோகுலரால் பாருங்கள். ஒற்றை நட்சத்திரம் பஞ்சாகிப் பரந்தது போலத் தெரியும், அதில் இருப்பவை இலட்சக்கணக்கான சூரியன்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து எழுதுபவர்கள் இதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள், அவர்களில் பலருக்கு இது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை.

இன்றிரவு முதலில் நேர வலயத்தையும் துருவ நட்சத்திரத்தின் உயரத்தையும் பாருங்கள், பிறகு கிரகணச் சோதனை. மூன்றும் சரியாக வந்த பின்னும் வியாழன் வேறு பக்கம்தான் என்றால், டேப்லெட்டின் மாதிரி இலக்கத்தையும், உறையைக் கழற்றிய பிறகு எத்தனை முட்டி விலகி எந்தப் பக்கம் காட்டுகிறது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். காந்தமானி உள்ள மாதிரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.